கூப்பிட்டால் கேட்கும் தூரம்

ஓடுகிறோம். மகள் நிர்மலாவின் கை என் கையில். இருவர் வாயிலும் ஈரத்துணி. கண்ணைத் திறக்க முடியவில்லை. திறந்தாலும் வெள்ளைதான். தரையோடு தரையாகப் புகை மாதிரி ஒன்று வருகிறது. புகை இல்லை அது. எரிகிற வாசனை இல்லை. மூக்குக்குள் ஊசி ஏற்றுகிற நாற்றம்.

முதலில் ஒரு சத்தம் கேட்டது. 'டம்' என்று. மாடியிலிருந்து பலகை விழுந்த மாதிரி. அப்புறம் சீறல். குக்கர் விசில் நிற்காமல் அடித்தால் எப்படி இருக்கும், அப்படி. அப்புறம் சைரன். அதற்கும் அப்புறம் எங்கள் கோவில் மணி.

மணி அடித்தவள் செசிலி. என் வீட்டுக்காரரின் தங்கை. கோவில் சாவி அவளிடம்தான் இருக்கும். மாலைச் செபமாலையைத் தொடங்குகிறவளும் அவள்தான்.

தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. காலை நாஷ்டா முடிந்து பாத்திரம் தேய்க்கிற நேரம். ஆம்பளைகள் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் காலனி எளாவூர் போகிற வழியில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள். எங்கள் அப்பா காலத்தில் கழனி வேலை. இப்போது கம்பெனி வேலை. கிழக்கே ஐஸ் கம்பெனி. மீனுக்கும் எறாலுக்கும் ஐஸ் கட்டி செய்கிற இடம். அதன் குழாய்களில் அமோனியா ஓடும். அந்த மதில் சுவரை ஒட்டி எங்கள் சிறு கோவில். அதற்கு இந்தப் பக்கம் வீடுகள்.

ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் காலனியில் புயல் வந்தால் கோவிலுக்குத்தான் ஓடுவோம். வெள்ளம் வந்தாலும் கோவில்தான். மற்றதெல்லாம் ஷீட்டு போட்ட வீடு. கோவில் மட்டும் கான்கிரீட். மணி அடித்தால் எல்லாரும் உள்ளே. இந்துவா கிறிஸ்தவரா என்று யாரும் பார்ப்பதில்லை. கதவைச் சாத்துவோம். செசிலி செபமாலை தொடங்குவாள். ஒவ்வொரு புயலிலும் அப்படித்தான் பிழைத்தோம். அன்றும் மணி அடித்தது. அன்றும் ஓடினார்கள். நாற்றம் எங்கிருந்து வந்ததோ, அந்தப் பக்கமே ஓடினார்கள்.

நானும் ஓடினேன். பாதித் தெரு வரை.

அங்கே நின்றேன். ஏன் நின்றேன் என்பதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

கொடியில் எங்கள் தெருக் கோவிந்தம்மாள் துவைத்துப் போட்ட புடவை. அது கோவில் பக்கமிருந்து எங்கள் பக்கம் பறந்துகொண்டிருந்தது. கடல் காற்று. கம்பெனியிலிருந்து கோவிலுக்கு. அதைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

இல்லை. அவ்வளவு மட்டும் இல்லை. மனதுக்குள் இரண்டு பேச்சு. உள்ளே போ, நற்கருணை இருக்கிற இடம், விசுவாசம் இல்லாதவளா நீ என்றது ஒன்று. போகாதே என்றது இன்னொன்று. எங்கள் பங்கில் ஒரு சிஸ்டர் தேர்ந்து தெளிதல் பற்றி, மனதில் எழுகிற குரல்களில் ஆண்டவர் குரல் எது என்று பிரித்தறிவது பற்றி, வகுப்பு எடுத்தார்கள். படுக்கப் போகும் முன் அன்றைய நாளைத் திரும்பிப் பார். எங்கே மனம் அமைதியாக இருந்தது, எங்கே கலங்கியது என்று தேடு. அவசரப்படுத்துகிற குரல், வெட்கப்படுத்துகிற குரல் அவருடையது அல்ல. அமைதியாகப் பேசுவதே அவர் குரல். செசிலியும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்து கேட்டோம். எனக்குப் பாதி புரியவில்லை. அவள்தான் வீட்டுக்கு வந்து விளக்கினாள்.

அன்று எந்தக் குரலும் அமைதியாக இல்லை. இதை நான் மறைக்க மாட்டேன். இரண்டும் கத்தின.

கோவில் வாசலில் செசிலி நிற்கிறாள். கதவில் ஒரு கை. மறு கையால் என்னைக் கூப்பிடுகிறாள்.

"அண்ணி! உள்ள வா! கதவ சாத்தணும்!"

"செசிலி! அங்க இருக்காத! காத்து அங்கதான் அடிக்குது! எல்லாரையும் இட்டுகினு ரோட்டுக்கு வா!"

"புள்ளய தூக்கினு வா அண்ணி! மாதா பாத்துக்குவாங்க!"

"கதவ சாத்தாதடி! வெளிய வா!"

அவள் முகத்தில் பயம் இல்லை. அதை நன்றாகப் பார்த்தேன். அமைதி இருந்தது. சிஸ்டர் சொன்னார்களே, அந்த அமைதி. என்னிடம்தான் கலக்கம். வகுப்பில் சொன்னபடி பார்த்தால் நான்தான் உள்ளே போயிருக்க வேண்டும்.

பின்னால் ஹாரன். ஷேர் ஆட்டோ முனுசாமி. மேல்சட்டை இல்லாமல், முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையிலிருந்து திரும்பி வந்திருக்கிறான்.

"யக்கா! இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? சாமியாண்ட அப்பால பேசிக்கலாம்! ஏறு! இன்னிக்கி டப்பு வேணாம், ஏறு!"

நிர்மலாவைத் தூக்கி உள்ளே போட்டேன். ஆட்டோ நிறையக் குழந்தைகள். எனக்கு இடம் இல்லை. பின்னால் ஓடினேன். பாதியில் நிர்மலா குதித்துவிட்டாள். "யம்மா" என்று என்னிடமே ஓடி வந்தாள். கை கோத்துக்கொண்டு தெற்கே மேட்டுக்கு ஓடினோம். கோவில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் சத்தமும் கேட்டது.

கோவில் சுவரில் காற்றுக்காகச் சிலுவை வடிவில் ஓட்டைகள் விட்டிருப்பார்கள். மதில் பக்கத்துச் சுவரில் அவை வரிசையாக இருந்தன. கதவைச் சாத்தினார்கள். அவற்றை எதால் சாத்துவார்கள்?

நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கின்றன. தெலுங்கு டிரைவர்கள் கேன் தண்ணீரை எங்கள் கண்ணில் ஊற்றுகிறார்கள். சீறல் இன்னும் கேட்கிறது. பிறகு நின்றது. லூர்து அண்ணன் வால்வைத் திருகி மூடினார் என்றார்கள். எங்கள் காலனிக்காரர். அந்த ஐஸ் கம்பெனியில் ஃபிட்டர். சத்தம் நின்றபோது சுற்றிலும் அப்படி ஒரு அமைதி. இன்றுவரை அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராண்டாவில் என் வீட்டுக்காரர் வந்தார். மில் சட்டையோடு. என்னைப் பார்த்தார். நிர்மலாவைத் தொட்டுப் பார்த்தார். தங்கையைத் தேடினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடக்கம் முடிந்தது. அதற்கப்புறம் பல நாள் அவர் ஷிப்டுக்குப் போய்வந்தார். ஒருநாள் சோறு பிசைந்துகொண்டே கேட்டார்.

"அவகிட்ட இருந்து எவ்ளோ தூரத்துல நின்னுகினு இருந்த?"

"கூப்ட்டா கேக்குற தூரம்."

"கேட்டாளா?"

"கேட்டா. அவளும் கூப்ட்டா."

தட்டைத் தள்ளி வைத்தார். என்மேல் கோபம் இல்லை என்கிறார். கோபம் இருந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும்.

கோவிலைக் கழுவி, மந்திரித்து, மறுபடி பூசை வைத்தார்கள். அன்று உபதேசியார் என்னைக் கூப்பிட்டார். பிழைத்தவர்கள் சாட்சி சொல்வது வழக்கம்.

"ஆண்டவரு உன் காதுல பேசினாரு இல்ல? அத்த சொல்லும்மா. சனங்களுக்கு விசுவாசம் வளரும்."

"செசிலி காதுலயும் பேசினாருங்க, ஐயா."

அவர் மைக்கை அணைத்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன். இதுதான் என் சாட்சி.

தேவன் என்னைக் காப்பாற்றினார் என்று சொல்ல வாய் வருகிறது. சொன்னால், அவளை விட்டுவிட்டார் என்றும் சொன்னதாகும். அதைச் சொல்ல மாட்டேன். எனக்குக் கேட்டது பயம், அவ்வளவுதான் என்று சொல்லிப் பார்த்தேன். அதிலும் மனம் நிற்கவில்லை. ஒருவேளை அவர் கொடியில் கிடந்த புடவையைக் காட்டினார். நான் பார்த்தேன். அவள் நின்ற இடத்திலிருந்து கொடி தெரியாது. போய் நின்று பார்த்தேன். தெரியாதுதான்.

இன்றும் படுக்கும் முன் முழங்கால் போடுகிறேன். நாளைத் திரும்பிப் பார்க்கிறேன். எந்த நாளைப் பார்க்கத் தொடங்கினாலும் அந்தப் பாதித் தெருவில்தான் வந்து நிற்கிறேன். "ஆண்டவரே" என்கிறேன். அதற்குமேல் வார்த்தை இல்லை. ஆனாலும் எழுந்து போவதில்லை. கால் மரத்துப்போகும் வரை இருக்கிறேன்.

இழந்ததைச் சொல்லி முடிக்கிறேன். யாரும் மறக்கக் கூடாது.

முனுசாமியின் வலது கண். மூன்றாவது தடவை குழந்தைகளை ஏற்ற வந்தபோது போனது. ஆட்டோவை விற்றுவிட்டான்.

கோவிந்தம்மாளின் ஆடுகள், கட்டிய கயிற்றோடு. மதிலோரத்து வேப்பமரம். கூண்டில் இருந்த புறாக்கள் எல்லாம். என் நிர்மலாவின் சிரிப்பு. குக்கர் விசில் கேட்டால் இன்னும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள்.

லூர்து அண்ணன். வால்வின் மேலேயே கை இருந்தது.

கோவிந்தம்மாள். சிலுவை போடத் தெரியாது. மணி கேட்டு, கைகூப்பிக்கொண்டு உள்ளே போனவள்.

சவரியம்மாள். மதில் பக்கத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முந்தானையைக் கிழித்து ஓட்டைகளில் திணித்துக்கொண்டிருந்தாள்.

செசிலி. என் நாத்தனார். கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே இருந்து பிழைத்தவர்கள் சொன்னார்கள், அவள் குரல் கடைசிவரை நடுங்கவில்லையாம். செபமாலையின் ஐந்து பத்துகளில் மூன்றாம் பத்து முடிந்தது. நான்காவதை யாரும் தொடங்கவில்லை.