ஏழாம் வளைவில் சுண்ணாம்புக் கோடு

எலுமிச்சம்பழம் வாங்குவதென்றால் புளியங்குடிக்குத்தான் போக வேண்டும், மேடம். சங்கரன்கோவிலில் கிடைக்காமல் இல்லை, ஆனால் அந்தச் சாறு வராது. இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துவிட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது. ஸ்டேஷனில் நீங்கள் தாள் கொடுத்து நடந்ததை எழுதச் சொன்னீர்கள். சந்தோஷமாகவே எழுதுகிறேன். என் சைக்கிள் ரவுண்டைப் பற்றி இவ்வளவு பொறுமையாக யாரும் என்னிடம் கேட்டதில்லை.

என் பெயர் துரைப்பாண்டி. மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் சைக்கிள் குழுவுக்குப் பாதை போட்டுக் கொடுப்பதும் நான்தான். இந்த ரவுண்டுக்கு மூன்று மாதம் பிடித்தது. சுரண்டை, தென்காசி, செங்கோட்டை, அப்புறம் மலை. ஏறி, இன்னொரு பக்கமாக இறங்கி, கடையநல்லூர், புளியங்குடி வழியாகத் திரும்பச் சங்கரன்கோவில். போனில் மேப்பை விரித்து விரலாலேயே ஏறுவேன், விரலாலேயே இறங்குவேன். கடையில் உட்கார்ந்தபடி எனக்கு மூச்சு வாங்கும். அந்தக் கிறுக்கில் ஒருநாள் இருமல் மருந்து கேட்டவருக்குத் தலைவலித் தைலத்தைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அவர் வந்து, இருமலுக்கு நன்றாகக் கேட்கிறது என்று இன்னொன்று வாங்கிப் போனார்.

இறக்கத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. மொத்தம் பதினோரு வளைவு. காற்று சட்டைக்குள் புகுந்துகொள்ளும், வயிறு தொண்டைக்கு ஏறும், காரணமே இல்லாமல் சிரிப்பு வரும். என் கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பாதை போட்டவன் முந்தின நாளே பைக்கில் போய், சாலையில் சுண்ணாம்பால் குறி போட வேண்டும். அம்பு என்றால் திரும்பு. இரட்டைக் கோடு என்றால் பிரேக் பிடி. கோடு இல்லாத வளைவில் பிரேக்கைத் தொட்டவனை ஒரு வாரம் கேலி பேசி ஓட்டித் தள்ளிவிடுவார்கள். அதனால் யாரும் தொடுவதில்லை.

மாரிக்கண்ணன் தங்கமான பிள்ளை. ராயகிரிக்காரன், கல்யாணமாகி ஒரு வருஷம்தான். அவன் குழுவுக்கு வரும்வரை ஏற்றத்தில் முதல் ஆள் நான். போன வருஷம் புளியரை ஏற்றத்தில் எனக்கு மூச்சு முட்டியபோது பின்னாலிருந்து வந்து முதுகில் கை வைத்தான்.

“அண்ணாச்சி, நீங்க சும்மா மிதிங்க, நான் தள்ளுதேன்.”

உச்சிவரை தள்ளிக்கொண்டு போனான். யாரோ வீடியோ எடுத்தார்கள். என் மனைவி பார்வதியம்மாள் பார்த்துவிட்டு, “அந்தப் பிள்ளைக்கு என்ன நல்ல மனசு பாருங்க” என்றாள். பார்த்தேன். நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். அதன்பிறகு சைக்கிளைத் தொடவில்லை, பாதை மட்டும் போட்டேன். கோபமெல்லாம் கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் சுண்ணாம்போடு மலைக்குப் போனேன். ஏழாவது வளைவில் மழை பாதிச் சாலையை அரித்துக்கொண்டு போயிருந்தது. மேலிருந்து வருகிறவன் கண்ணுக்கு அது படாது. முறைப்படி இரட்டைக் கோடு போட்டேன். போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், இறக்கத்தின் அழகே கெட்டுப்போயிருந்தது. ஆறு வளைவு பறந்து வருகிறவனை ஏழாவதில் கழுத்தைப் பிடித்து நிறுத்துவதா? கோட்டைச் செருப்பால் தேய்த்தேன். சுண்ணாம்பு போகாத இடத்தில் பாட்டில் தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன்.

மற்றவர்களைப் பற்றி யோசிக்காமல் இல்லை, மேடம். நான் பொறுப்பானவன். மாரிக்கண்ணன் எப்போதும் பத்து நிமிஷம் முந்தி வருவான். அவனுக்கு ஆனதைப் பார்த்துப் பின்னால் வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள். அப்படியே நின்றார்கள். ஒருவருக்கும் சிராய்ப்புக்கூட இல்லை.

வீடு திரும்பியதும் அவன் மனைவி கனகலட்சுமி போன் செய்தாள். “அண்ணாச்சி, ரோட்டை நல்லா பாத்துட்டியளா? அவுக உங்க கோட்டைத்தான் நம்புதாவ.”

“ஒவ்வொரு வளைவுலயும் இறங்கிப் பாத்துட்டேன் தாயி” என்றேன். அதில் பொய் இல்லையே.

மறுநாள் மாரிக்கண்ணன் பள்ளத்தில் பாறைமேல் உயிரில்லாமல் கிடந்தான் என்றார்கள். வருத்தம்தான். ஆனால் அதுவரை சிரித்துக்கொண்டே வந்திருப்பான், அந்தச் சிரிப்பை அவனுக்குக் கொடுத்தது என் ரவுண்டு. எப்படியும் வளைத்துத் தப்பிவிடுவான் என்றுதான் நான் கடைசிவரை நம்பினேன்.

நீங்கள் காட்டிய அந்தப் படத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். ஞாயிறு காலை எட்டு மணிக்கு, அவர்கள் மலையைத் தொடுவதற்கு முன்பே, நான் வாட்ஸாப்பில் போட்டது. எலுமிச்சம்பழக் கூடை, பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள். கீழே, ‘வாங்க மக்கா, எல்லாருக்கும் ஜூஸ் ரெடி’ என்று எழுதியிருந்தேன்.

அன்றைக்குக் கிளம்பிப் போனவர்கள் ஏழு பேர். படத்தில் டம்ளர் ஆறு. வீட்டில் டம்ளருக்குப் பஞ்சமில்லை, மேடம். எண்ணித்தான் எடுத்து வைத்தேன்.