சின்ன வக்கீல் நிறுத்துற இடம்

சட்ட மாணவர் மன்றம் நடத்துறதுன்னா பாதி வேலை நாற்காலி போடுறதுதான் சார். வெளிய யாருக்கும் அது தெரியாது. மூணு வருஷமா நான் போட்டிருக்கேன். மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு நடுவரா வர்றேன்னு ஒத்துக்கிட்ட வக்கீலுங்க கடைசி நேரத்துல கைய விரிச்சா, வேற ஆளத் தேடி நாயா பேயா அலைஞ்சிருக்கேன். செயலாளர்னா அப்படித்தான். எனக்கு அதுல ஒரு குறையும் இல்ல.

அப்புறம் அவன் வந்து சேர்ந்தான். எனக்கு ரெண்டு வருஷம் இளையவன். சின்ன வக்கீல்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. முதல் போட்டியிலயே ஜெயிச்சுட்டான். பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அவன் கோப்பையோட நிக்கிறான், பக்கத்துல என் முழங்கை மட்டும் தெரியுது. எங்கம்மா அதப் பாத்துட்டு, "யாருடா இந்தப் பையன், முகத்துல என்ன ஒரு களை"ன்னாங்க. முழங்கை யாரோடதுன்னு கேக்கல. அடுத்த வருஷம் மன்றத் தலைவரும் அவன்தான்னு பேச்சு கிளம்பிச்சு. வயித்தெரிச்சலான்னு கேட்டீங்க. எரிஞ்சது உண்மைதான். ராத்திரி பகலா எரிஞ்சுது. அதுக்காக யாரும் யாரையும் ஒண்ணும் பண்ணிட மாட்டாங்க.

அவனுக்கு வீசிங் உண்டு. படபடப்பு வந்தா மூச்சு இழுக்கும். நான்தான் சொல்லிக் குடுத்தேன்: "மூச்சு முட்டுச்சுன்னா மறைக்காதடா. பேச்ச நிறுத்திட்டு நடுவரையே பாத்துட்டு நில்லு. யோசிக்கிறேன்னு நினைச்சுப்பாங்க."

அப்படியே செஞ்சான். மூச்சு திரும்பினதும் அடுத்த வரியச் சொல்லுவான். அந்த மௌனத்துக்கே மார்க் போட்டாங்க சார். "இந்தப் பையன் நிறுத்துற இடம் இருக்கே, அடடா"ன்னு ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி மேடையிலயே புகழ்ந்தார். நான் அப்ப அவருக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன். இது அண்ணன் சொல்லிக் குடுத்ததுன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிரிச்சுக்கிட்டே நின்னான்.

அன்னைக்கு இறுதிப் போட்டி. ஹால் நிரம்பி வழிஞ்சுது. அவனோட அக்கா ஊர்ல இருந்து வந்திருந்தாங்க. முன்வரிசையில நான்தான் இடம் பிடிச்சுக் குடுத்தேன். வாதம் பிரமாதமாத்தான் போச்சு. நடுவுல நிறுத்தினான். நடுவர்கள் பேனாவ வச்சுட்டு அவனையே பாத்தாங்க. ஒருத்தர் தலைய வேற ஆட்டினார். மேடை ஓரத்துல நின்ன எனக்கு அவன் உதடு நீலமாகுறது தெரிஞ்சுது.

அக்கா எழுந்து என்கிட்ட ஓடி வந்தாங்க. "தம்பி, அவனுக்கு இழுக்குதுப்பா."

"இல்லக்கா, அவன் எப்பவும் இப்படித்தான் நிறுத்துவான். இப்பக் குறுக்க போனா போட்டியே போயிடும். அப்புறம் உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டான். உக்காருங்க."

பாவம், நம்பி உக்காந்துட்டாங்க. பின்னால யாரோ கை தட்ட ஆரம்பிச்சாங்க. மத்தவங்களும் சேர்ந்துக்கிட்டாங்க. அந்தக் கைதட்டல் நடுவுலதான் அவன் விழுந்தான். ஆஸ்பத்திரி போற வழியிலயே உயிர் போயிடுச்சு.

இன்ஹேலர் எங்க, இன்ஹேலர் எங்கன்னு திரும்பத் திரும்பக் கேக்குறீங்க. வக்கீல் கவுனப் போட்டுட்டா உள்ள பேன்ட் பாக்கெட்டுக்குச் சட்டுன்னு கை போகாது சார். அதனால மேடை ஏறும்போதெல்லாம் அத என்கிட்டதான் குடுத்து வைப்பான். "நீங்க இருக்கிற தைரியத்துலதாண்ணே ஏறுறேன்"னு சொல்லுவான். அன்னைக்கும் என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. அவன் என் பக்கமா கைய நீட்டினான்னு அக்கா சொல்றாங்களாம். நீட்டினான், இல்லன்னு சொல்லல. வாதாடுறவங்க கைய நீட்டுறது சகஜம்தானே. வாயத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேன்.