சைபருக்குப் பத்து தட்டு

பாஸ்வேர்டு தெரிஞ்சிருந்தா நான் எதுக்குத் தம்பி உங்க கடைப் படி ஏறப்போறேன்? இது என் வீட்டுக்காரரோட போன். இதுக்குள்ள இருக்கற ஒரே ஒரு நம்பர்தான் எனக்கு வேணும், என் பொண்ணோட நம்பர். அதை எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா அப்புறம் இந்தப் போனை நீங்களே வச்சுக்கிட்டாலும் சரி, சுத்தியால அடிச்சு நொறுக்கினாலும் சரி.

அவரைக் கூட்டிட்டு வந்து விரலை வைக்கச் சொல்றதா? அவரால வர முடியாது. அது ஆகற காரியம் இல்ல, வேற வழி பாருங்க.

என்னது, மொத்தமா அழிச்சாத்தான் திறக்குமா? அழிச்சா நம்பரும் சேர்ந்து போயிடுமே! கண்ணை வித்துச் சித்திரம் வாங்கச் சொல்றீங்களே தம்பி. ஏதாவது யோசிங்க. கையில இருக்கற வேலையை முடிச்சுட்டே யோசிங்க, நான் இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கறேன். நாலு மணிக்குள்ள வீட்டுல இருக்கணும், அவ்வளவுதான்.

அலமாரியில என்ன அது, கறுப்பு டயல் போனா? அழகுக்கு வச்சிருக்கீங்களா? நல்ல அழகு. எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியுது.

எங்க வீட்டுல முதல்ல வந்தது இதேதான். நான் வாக்கப்பட்டு வந்தப்போ தெருவுலயே எங்க வீட்டுலதான் போன். ரிசீவரைத் தூக்கினா கை வலிக்கும், அம்மிக்குழவி கணக்கா. அந்த டயல் ஓட்டையில ஒரு குட்டிப் பூட்டு தொங்கும், சுத்த முடியாது. சாவி அவரோட சட்டைப் பையில. குளிக்கப் போனாலும் சட்டையைக் கையோட எடுத்துட்டுப் போற ஆளு. வெளியேர்ந்து யார் வேணா கூப்பிடலாம், உள்ளேர்ந்து யாரையும் கூப்பிடக் கூடாது. எனக்கும் அந்தப் போனுக்கும் ஒரே சட்டம்தான்.

ஒருநாள் லைன்மேன் வந்தாரு, கம்பியில கோளாறுன்னு. பூட்டைப் பார்த்துட்டு ஒரே சிரிப்பு. ஏம்மா, இதுக்கெல்லாம் சாவி எதுக்குன்னு சொல்லிட்டு, ரிசீவர் உக்கார்ற இடத்துல ரெண்டு கொம்பு இருக்கு பாருங்க, அதைத் தட்டிக் காட்டினாரு. மூணுக்கு மூணு தட்டு, அஞ்சுக்கு அஞ்சு தட்டு, நடுவுல கொஞ்சம் மூச்சு விடணும். சைபர் வந்தா பத்து தட்டு. டயலைத் தொடவே வேணாம். எவ்வளவு பெரிய பூட்டா இருந்தா என்ன, அது பாட்டுக்குத் தொங்கட்டும்.

எங்க அக்கா வீட்டு நம்பர்ல மூணு சைபர். எந்தப் பாவி குடுத்தானோ! சைபருக்கே முப்பது தட்டு. ஒரு தடவை எண்ணிக்கை பிசகி ஏதோ பல் டாக்டருக்குப் போயிடுச்சு. எந்தப் பல்லு வலிக்குதுன்னு கேட்டாரு. எல்லாப் பல்லும்னு சொல்லிட்டு வச்சுட்டேன். சிரிங்க சிரிங்க, நானும் அன்னிக்குச் சிரிச்சேன். அந்த வீட்டுல நான் தனியா சிரிச்ச ஒண்ணு ரெண்டு தடவையில அதுவும் ஒண்ணு.

அந்த வித்தையைத்தான் என் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தேன். ஒரே பொண்ணு. அவளுக்குக் குடுக்க என்கிட்ட வேற என்ன இருந்துச்சு, சொல்லுங்க. என்னை விட வேகமாத் தட்டுவா. வளர்ந்தா, வேலைக்குப் போனா, ஒரு பையனைப் பிடிச்சுது. அச்சகத்துல வேலை பார்க்கற பையன், தங்கமான பையன். அவனுக்குத் தட்டிப் பேசிட்டு இருந்தப்போதான் இவரு வந்து பின்னாடி நின்னாரு. சத்தம் கேட்டிருக்கு, டொக்கு டொக்குன்னு.

யார் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாரு. நானே கண்டுபிடிச்சேன்னு சொல்லிட்டா. ஓங்கி ஒரு அறை. அவ என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல தம்பி, பார்த்தா நான் மாட்டிப்பேன்னு. நான் சமையல்கட்டு வாசல்ல கரண்டியோட நிக்கறேன். நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு வாய் திறக்கல. பயம். அந்த அறை என் கன்னத்துல விழ வேண்டியது. அடுத்த வாரமே அவ அந்தப் பையனோட போயிட்டா. போனதைத் தப்புன்னே நான் சொல்ல மாட்டேன். நான் வாயடைச்சு நின்னதுதான் தப்பு.

என்ன தம்பி, சிம் தகடா? அதை மட்டும் கழட்டி வேற போன்ல போட்டுப் பார்க்கலாமா? பாருங்க, பாருங்க. பழைய பட்டன் செல்போன்ல இருந்து இந்த வருஷம்தான் இதே தகட்டை இதுல மாத்தினாரு. அதுல ஏறியிருக்கணும்.

அப்புறம் என்னவா? டயல் போனைத் தூக்கிக் கிணத்தடியில போட்டு உடைச்சாரு. பட்டன் வச்ச போன் ஒண்ணு வந்துச்சு. அதுல பூட்டு மாட்ட ஓட்டை இல்லையா, ஆறு நாள்கூட எங்க வீட்டுல தாங்கல. அப்புறம் வந்துச்சு பாருங்க, கம்பி இல்லாத போன். அடியில ஒரு பெட்டி, மேல கையில எடுத்துட்டுப் போய்ப் பேசற மாதிரி ஒண்ணு. வீடு பூரா நடந்துக்கிட்டே பேசலாம்னு கடைக்காரன் சொல்லி வித்திருக்கான். இவரு என்ன பண்ணினாரு தெரியுமா? காலைல ஆபீஸ் கிளம்பறப்போ அந்தக் கைப்பிடியைச் சோத்து டப்பாவோட சேர்த்துப் பையில போட்டுட்டுப் போயிடுவாரு.

ஆமா, ஆபீசுக்குத்தான். அங்க போனா அது வெறும் பிளாஸ்டிக் கட்டை, தெரியும் அவருக்கு. மேஜை மேல வச்சிருப்பாராம், கூட வேலை பார்க்கறவங்க கேலி பண்ணுவாங்களாம். பண்ணட்டும்னு இருந்தாரு. பெட்டி மட்டும் வீட்டுல. அதுல மணி அடிக்கும் தம்பி, பேசத்தான் முடியாது.

தினமும் மூணு மணிக்கு அடிக்கும். அப்பா வீட்டுல இல்லாத நேரம்னு அவளுக்குத் தெரியுமே. ஒரு நாளைக்குப் பன்னெண்டு அடி அடிக்கும், சில நாள் பதினஞ்சு. நான் பக்கத்துல நின்னுட்டு இருப்பேன். முதல்ல கொஞ்ச நாள் அந்தப் பெட்டிகிட்ட வாயை வச்சு, அம்மா இருக்கேன்டி, இங்கதான் இருக்கேன்டின்னு கத்திப் பார்த்தேன். பைத்தியக்காரி. அவ என்ன நினைச்சிருப்பா? அம்மாவும் எடுக்க மாட்டேங்கறான்னுதானே நினைச்சிருப்பா? எட்டு மாசம் அடிச்சுது. அப்புறம் நின்னுடுச்சு.

மூணு வீடு மாத்தினாரு. கடுதாசியும் வரல, ஆளும் வரல. அவரு செல்போன் வாங்கினாரு, வீட்டு லைனையே வெட்டிட்டாரு. உனக்கு எதுக்குப் போன், நீ யார்கிட்டப் பேசணும்னு கேட்டாரு. போன வருஷம் ஏதோ கோவத்துல அவரே உளறிட்டாரு, உன் மக என் நம்பரை எங்கேயோ பிடிச்சுட்டா, தொல்லை பண்றான்னு. அன்னிலேர்ந்து எனக்குத் தெரியும், அவ இதுக்குள்ளதான் இருக்கான்னு. கைக்கு எட்டற தூரத்துல. தூங்கறப்போகூடத் தலகாணிக்கு அடியிலதான் வச்சுப்பாரு.

வந்துடுச்சா? எத்தனை பேரு இருக்கு? நீங்களே படிங்க, கண்ணாடி எடுத்துட்டு வரல. பால்காரர். சரி. பெரிய அண்ணன். மெக்கானிக். பிளம்பர். சரி, மேல போங்க. என்ன, நிறுத்திட்டீங்க? படிங்க தம்பி.

எடுக்காதேன்னா?

எடுக்காதேன்னே பேர் போட்டு வச்சிருக்காரா?

அதுதான். அவதான் தம்பி. எப்படித் தெரியுமா? யாருக்கும் பயந்து ஒளியற ஆள் இல்ல அவரு. அந்த ஒருத்திக்குத்தான் எங்கே தன்னையறியாம எடுத்துடுவோமோன்னு எழுதி வச்சுக்க வேண்டியிருந்திருக்கு. பெத்து நாங்க ஆசையா ஒரு பேர் வச்சோம். அதுக்கு மேல இவரு வச்ச பேர் இது.

ஐயையோ, போடாதீங்க, நிறுத்துங்க! அதுலேர்ந்து கூப்பிடாதீங்க. கட் பண்ணுங்க முதல்ல. பண்ணிட்டீங்களா? மணி போகலையே? அப்பாடா.

அவ பக்கம் அப்பா நம்பர்னு காட்டும் தம்பி. பதினெட்டு வருஷம் கழிச்சு அப்பா கூப்பிடறாருன்னு என்ன வேலையா இருந்தாலும் போட்டுட்டு ஓடி வந்து எடுப்பா. எடுத்தவுடனே அப்பா செத்துட்டாருன்னா நான் சொல்லணும்?

ஆமா. காலைல ஆறு மணிக்கு. காபி குடுத்தேன், வாங்கல, அப்படியே சாஞ்சிருந்தாரு. கூடத்துல படுக்க வச்சிருக்கு. நாலு மணிக்கு எடுக்கறாங்க. மகளுக்குச் சொல்லணும்னேன். அவரோட பெரிய அண்ணன், செத்தவன் இஷ்டத்தை மதிக்கணும்னுட்டாரு. போட்டோ பெருசு பண்ணிட்டு வரேன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். விரலா? எல்லாரும் வர்றதுக்கு முன்னாடியே வச்சுப் பார்த்துட்டேன் தம்பி, பத்து விரலையும். துடைச்சுத் துடைச்சு வச்சேன். திறக்கல. செத்தும் சாவியைக் குடுக்கல மனுஷன்.

உங்க போனைக் குடுங்க. இல்ல, நீங்க போட வேணாம், நீங்க ஒவ்வொண்ணாச் சொல்லுங்க, நான் அமுக்கறேன். முதல்ல அந்த அறையைப் பத்தித்தான் அவகிட்டச் சொல்லணும், மத்ததெல்லாம் அப்புறம். ம், சொல்லுங்க. ஒன்பது. சரி. எட்டு. அடுத்தது சைபரா?

சைபருக்கு இப்போ ஒரு தடவை அமுக்கினாப் போதும்ல?