மாட்டு முதுகில் காக்கா

— கொக்கு இன்னிக்கும் தலகீழாத்தான் நிக்குதுப்பா.

— நிக்கட்டும் வஜீதா. மனசுல திருப்பிப் போட்டுக்க. எங்க அப்பாவோட மூக்குக்கண்ணாடியில ஒரு சில்லு, ஒடஞ்ச பூதக்கண்ணாடியில ஒரு சில்லு, நடுவுல கம்பெனியில கழிச்சிப் போட்ட தோல சுருட்டி ஒரு கொழாயி. இதுல தெரியறதே பெருசு. துரைங்க வெச்சிருக்கற தூரக்கண்ணாடி வாங்க இந்த மக்பூல் அகமது நெலத்தையா விப்பான்?

— நமக்கு ஏதுங்க நெலம்? வண்டியே எங்க அண்ணன்கிட்ட கேட்டு வாங்கினது. வண்டித் திரைய அவ்ளோ தூக்காதீங்க, ஏரிக்கரையில ஆளுங்க போறாங்க.

— இந்தக் காலங்காத்தால எந்த ஆளு ஹலீமா? இருக்கறது ஒரே வெள்ளிக்கிழம லீவு. அதுலயும் தூங்க வுட மாட்டேன்ற. மொதல்ல, பொண்ணுக்கு தோல் நாத்தம் இல்லாத காத்து வேணும்னே. அப்பறம், சும்மா எதுக்கு ஒக்காரணும், பட்சி பாக்கலாம்னே. அதுக்கு ஒரு கண்ணாடி செய்யுங்கன்னே.

— இப்ப எங்கள எழுப்பி வண்டி கட்டறது நீங்கதான். போன வாரம் மீன்கொத்திய பாத்துட்டு ரொட்டி தின்ன மறந்தது யாரு?

— அது வேற. அந்த நீலம் முதல் ரகம். ஒரு கறை கெடையாது.

— பாத்தியாம்மா, அப்பா பட்சியக் கூட தோலு மாதிரி ரகம் பிரிக்கறாரு. காக்காவ பாத்ததும் கழிவுன்னுட்டாரு.

— பின்ன? தரம் பிரிக்கறவன் கண்ணும்மா இது. லண்டன் போற தோல்ல ஒரு ஓட்டைய வுட்டேன்னா மொத்தக் கட்டும் திரும்பி வந்துடும்.

— அந்தக் கண்ணு மாப்பிள்ள பாக்கசொல்ல மட்டும் எங்க போச்சி?

— ஆரம்பிச்சிட்டியா ஹலீமா?

— ஆரம்பிக்காம? இன்னிக்கி ஜும்மா முடிஞ்சதும் வாக்கு குடுக்கறேன்னு சொல்லிட்டு வந்துட்டீங்க. அந்த அமீர் பாஷாவ மண்டியில பாத்தீங்க. வெள்ள சட்ட, துருக்கித் தொப்பி, வாய் நெறய சலாம். போதும்னுட்டீங்க.

— இன்னா கொறச்சல் அவனுக்கு? ஆலங்காயத்து ஆவாரம்பட்ட பூரா அவன் வண்டியிலதான் நம்ம கம்பெனிக்கு வருது. பட்ட இல்லாம தோலு பதமாவுமா? ஜமாத்துப் பெரியவங்க எல்லாம் தங்கமான புள்ளன்றாங்க.

— அவரு வூட்டுக்கு எதுத்த வூட்டு முனவ்வர் பேகம் ஜன்னல் வழியா ஒண்ணு பாத்தாளாம். அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க காதுல போட்டுக்கல.

— இப்பவும் போட்டுக்க மாட்டேன். பொம்பளைங்க ஜன்னல்ல பாத்தத கேட்டு சம்பந்தத்த ஒடைக்கறதா? நீ பாத்தியான்னு சபையில கேக்க மாட்டாங்க? நான் கண்ணால பாத்து சொன்னாத்தான் அது பேச்சு.

— சரிங்க. அத மறந்துடாதீங்க.

— வஜீதா, நீ சொல்லும்மா. உனக்கு இஷ்டம்தானே?

— நான் இன்னா சொல்றதுப்பா? மொகம் தெரியாது, கொரல் தெரியாது. நீங்க நல்லவர்னா நல்லவர்தான். ஆனா நெனச்சாலே பயமா இருக்கு.

— பயம் எல்லாப் பொண்ணுக்கும் இருக்கறதுதான். போவப் போவ செரியாயிடும்.

— எனக்கு செரியாவ உங்கள மாதிரி ஒருத்தர் வாய்ச்சார். எல்லாருக்கும் வாய்க்குதா?

— இப்ப இன்னா, திட்டறியா புகழறியா?

— அப்பா, கொக்கெல்லாம் எழும்பிடுச்சி. அந்தப் பக்கம் வண்டிங்க வருது. பட்ட ஏத்தின வண்டி.

— பட்ட வண்டியா? கண்ணாடிய இப்டி குடு. ஹலீமா, இது அமீர் பாஷாவோட வண்டிங்க. கூடவே அவனும் வர்றான். தொப்பி இல்லாட்டியும் அந்த நடை எனக்குத் தெரியும்.

— அப்டியா?

— இன்னா அப்டியா? போன வாரம் வரைக்கும் மதகுப் பக்கம் நின்னோம். இன்னிக்கி இந்தக் கரைதான்னு ஒத்தக் கால்ல நின்னியே, இப்பல்ல புரியுது. அவன் மாட்டுக்குத் தண்ணி காட்டற எடம் இதுன்னு உனக்குத் தெரியும். பொண்ணுக்கு மாப்பிள்ளைய காட்ட இட்டாந்திருக்க. நிக்காவுக்கு முந்தி பொண்ணு மாப்பிள்ளைய பாக்கறது நம்ம வூட்ல உண்டா? வெளிய தெரிஞ்சா நான் எங்க மொகத்த வெச்சிக்கறது?

— அம்மா, நெசமாவா? என்கிட்ட சொல்லவே இல்லியே.

— திரைய எறக்கு வஜீதா. நான் வண்டிய திருப்பறேன்.

— திருப்புங்க. நான் தடுக்கல. ஆனா வந்ததே பட்சி பாக்க. அந்தப் பக்கம் இன்னா பட்சி ஒக்காந்திருக்குன்னு ஒரு தபா பாத்து சொல்லிடு வஜீதா, போயிடலாம்.

— காக்காதாம்மா. செவல மாட்டு முதுவு மேல. உண்ணி பொறுக்குது போல இருக்கு. ஆனா இன்னாம்மா இது, கொத்தக் கொத்த மாடு ஒதறுது. மாமா மாட்டு மேல மைனா ஒக்காந்து உண்ணி எடுத்தா அது கண்ண மூடிக்கினு சொகமா நிக்குமே.

— ஒதறுதா? எங்க, குடு.

— இன்னாப்பா தெரியுது?

— இரு. உன் தோள் மேல வெச்சிப் பாக்கறேன், அசயாத. அது உண்ணி இல்லம்மா. புண்ணு. காக்கா புண்ணக் கொத்துது.

— நுகத்தடி ஒரசின புண்ணா இருக்கும். வாங்க போலாம்.

— நுகத்தடிப் புண்ணு கழுத்துல வரும் ஹலீமா. இது இடுப்புல, பின்தொடையில. தார்க்குச்சி. முனையில ஆணி அடிச்ச குச்சி. எத்தினி தோலு பாத்திருப்பேன், வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சா சல்லட மாதிரி இருக்கும். எந்தப் பாவி வூட்டு மாடோன்னு சொல்லி கழிவுல போடுவேன்.

— வண்டிக்காரன் குத்தியிருப்பான். அதுக்கு மாப்பிள்ள இன்னா பண்ணுவாரு பாவம்?

— நானும் அப்டித்தான் நெனச்சேன். ஆனா வண்டிக்காரன் கையில குச்சி இல்ல. செவல தண்ணிய வுட்டு ஏற மாட்டேன்னுது, அவன் கயித்தப் புடிச்சிக்கினு தடவிக் குடுக்கறான். அமீர் வர்றான். வண்டிக்காரன புடிச்சித் தள்றான். குச்சி அவன்கிட்டதான் இருக்குது. தோபா, தோபா. அதே புண்ணுல குத்தறான். மாடு ஏறிடுச்சி. ஏறின பெறகும் குத்தறான்.

— அப்பா, போதும், கண்ணாடிய எறக்குங்க.

— சிரிக்கறான் வஜீதா. தலகீழா தெரிஞ்சாலும் சிரிப்பு தெரியாதா?

— ஏங்க, நேரமாவுது. தொழுகைக்குப் போவணும். வாக்கு குடுக்கணுமே.

— போறேன். போயி சபையிலயே சொல்றேன், எம் பொண்ண அவனுக்குக் குடுக்க மாட்டேன்னு. மொதலாளி கோவிச்சிக்கட்டும். ஜமாத்து கூப்ட்டு விசாரிக்கட்டும். வாயில்லாத ஜீவன் மேல அப்டி வர்ற கை வூட்டுக்குள்ள சும்மா இருக்குமா? யார் சொன்னாங்கன்னு கேட்டா, யாரும் சொல்லல, நான் பாத்தேன்னு சொல்வேன்.

— அப்பா.

— அழாதம்மா. அழ இன்னா இருக்கு இப்ப? அந்தக் கண்ணாடிய பத்திரமா வெய்யி. ஹலீமா, ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், எனக்கு இன்னும் மனசு ஆறல. நல்லதா முடிஞ்சாலும் நீ பண்ணது தப்பு. பொண்ணுக்கு மாப்பிள்ளைய காட்டறதுக்காவ காத்து, பட்சின்னு எங்கிட்ட இவ்ளோ நாளா கத கட்டியிருக்க.

— அவளுக்குக் காட்டவா கண்ணாடி செய்யச் சொன்னேன்? உங்களுக்குக் காட்டத்தாங்க.