மூணாவது ரொட்டித் துண்டு

இல்ல டீச்சரம்மா, எங்க வீட்டுக்காரரு இன்னும் ரூம விட்டு வரல. நான் மட்டுந்தான் காத்து வாங்கலாம்னு மேல வந்தேன். உக்காருங்க, இந்த நாற்காலி காலியாத்தான் கெடக்கு. அதென்ன கையில, எலுமிச்சம்பழச் சாறா? அவருக்கா? நீங்களே கேட்டு வாங்கியாந்தீங்களா? உப்புப் போட்டுக் குடிச்சா எறங்கிடும்னு உங்க சாரு சொன்னாராக்கும். அடடா. வையிங்க, இப்படி வையிங்க. தலவலியெல்லாம் ஒண்ணும் இல்ல அவருக்கு.

மொதல்ல உங்க சால்வையச் சொல்லுங்க. கறை போச்சா? அந்த வெள்ளைத் துணியில சொட்டினப்ப எனக்கு உசுரே போயிடுச்சு. பச்சத்தண்ணியில அலசினீங்களா? நல்லவேள. சுடுதண்ணி விட்டிருந்தீங்கன்னா சீஸு அப்படியே பிடிச்சிருக்கும்.

உங்க மொகத்தப் பாத்துப் பேசவே கூச்சமா இருக்கு. சால்வைக்காக இல்லம்மா. நேத்து அந்த மேசையில நான் ஒரு வார்த்தைய விட்டேன் பாருங்க, அதத் திருப்பி எடுக்க வழி இருக்கா இல்லியான்னுதான் விடிஞ்சதுலேருந்து இங்க உக்காந்து கடல மொறச்சுக்கிட்டிருக்கேன். கடலுக்கென்ன, அதுபாட்டுக்குப் பளபளன்னு கெடக்கு.

எந்த வார்த்தையா? சொல்றேன். எனக்குச் சுத்தி வளச்சுத்தான் வரும், பொறுத்துக்குங்க. நேரா பேசத் தெரிஞ்சவளா இருந்தா நேத்தே பேசியிருப்பேனே.

அந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போக எனக்கு இஷ்டமே இல்ல. எல்லாம் எம் பொண்ணு பண்ண வேல. கப்பலுக்கு டிக்கெட்டு போட்டுக் குடுத்ததோட விட்டாளா? அம்மா, உங்க கல்யாண நாளுக்கு ஃபோண்டு கடையில மேசை சொல்லி வெச்சிருக்கேன், மெழுகுவத்தி எல்லாம் ஏத்தி வெப்பாங்க, நீயும் அப்பாவும் ஒரே சட்டியில தோச்சுத் தோச்சுச் சாப்பிடுங்க, போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு போன்ல ஒரே குதி. சட்டி, தோச்சுன்னு கேட்டதுமே, இது நமக்கு ஆகாதுன்னு நெனச்சேன். அந்தப் பெரிய ஹால் இருக்குல்ல, அவங்கவங்க தட்டத் தூக்கிட்டுப் போயி அள்ளிக்கற எடம், எங்களுக்கு அது போதும். தூணுக்குப் பின்னாடி ஒரு மேசை. ஏறின நாள்லேருந்து அதான் எங்க மேசை. நான்தான் ரெண்டு தட்டையும் தூக்கிட்டு வருவேன். டீயக் கூட அரைக் கப்புதான் புடிப்பேன். ஏன்னு இப்பக் கேக்காதீங்க.

அவருதான், புள்ள ஆசப்பட்டுச் செஞ்சிருக்கு, போயித் தலையக் காட்டிட்டு வருவோம்னாரு. லிஃப்ட்டுல ஏறினா நீங்களும் சாரும். எங்க போறீங்கன்னு சாரு பேச்சக் குடுத்தாரு, நாங்களும் அங்கதான்னாரு. அப்புறம் விடுவாரா? ரெண்டு மேசை எதுக்குங்க, ஒரே மேசை, ஒரே சட்டின்னுட்டாரு. உங்க வீட்டுக்காரரு நல்ல மனுசன், குத்தம் சொல்லல. ஆனா பேங்க் மேனேஜரா இருந்தவருன்னு சொன்னா யாரு நம்புவா? ஏலம் போடறவரு மாதிரியில்ல பேசறாரு. சிரிக்காதீங்க, நீங்கதான முப்பது வருசமா கேக்கறீங்க.

சட்டி வந்துச்சா. அடியில நெருப்பு, உள்ள உருக்கின சீஸு மஞ்சளா கொழகொழன்னு கொப்புளம் விட்டுக்கிட்டு. நான் கேட்டேன்ல, சாப்பிடவா போறோம், இல்ல போஸ்டர் ஒட்டப் போறோமான்னு. நீங்க கூட தண்ணி பொறையேற சிரிச்சீங்க. அது வரைக்கும் நல்லாத்தாம்மா இருந்துச்சு. பரிமாற வந்தவரு ஆளுக்கொரு நீள முள்ளுக்கரண்டி குடுத்தாரு, மாறிடாம இருக்க ஒவ்வொண்ணு வால்லயும் ஒரு கலரு. ரொட்டித் துண்டக் குத்தணும், சட்டியில முக்கணும், ஒரு சுத்துச் சுத்தி எடுக்கணும். அவ்வளவுதான் வித்தை. அப்பத்தான் சாரு சட்டம் போட்டாரு. யாரு ரொட்டி சட்டிக்குள்ள விழுதோ அவங்களுக்குத் தண்டனை, இந்தச் சாப்பாட்டுக்கே அதான் மொறைன்னு. பரிமாறறவரும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டினாரு. எல்லாரும் கை தட்டினோம். நானுந்தான் தட்டினேன், புத்தி கெட்டவ.

மொதத் துண்டு எங்க அவரோடதுதான் விழுந்துச்சு. பாடச் சொன்னாரு சாரு. அவரும் பாடினாரு. கோழிக்குஞ்சு, வாத்துக்குஞ்சுன்னு சின்னப் புள்ளைங்க பாட்டு. நீங்க கூடச் சேந்து பாடினீங்க, பக்கத்து மேசைக்காரங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு அப்ப பெருமையா இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ரெண்டாவது துண்டும் அவரோடதே. போயி சமையக்காரருக்கு சல்யூட் அடிச்சிட்டு வாங்கன்னாரு சாரு. போயி அடிச்சிட்டு வந்தாரு. நான் மெதுவா, குடுங்க நான் தோச்சுத் தரேன்னேன். என்ன ஒரு பார்வை பாத்தாரு. கைய எடுத்துக்கிட்டேன்.

மூணாவது துண்டுதான். சட்டி வரைக்கும் கரண்டி போகறதுக்குள்ள டொக்கு டொக்குன்னு விளிம்புல அடிச்சுச்சே, கேட்டீங்கல்ல. எனக்கு இன்னும் காதுல கேக்குது. துண்டு உள்ள போச்சு, சீஸு உங்க சால்வையில சொட்டுச்சு. யாரும் சிரிக்கல. சாரு கூட தண்டனை சொல்லல. நீங்க எம் பக்கம் சாஞ்சு, அண்ணனுக்குக் கை எப்பலேருந்தும்மா இப்படின்னு கேட்டீங்க. நீங்க நல்ல மனசோடதான் கேட்டீங்க, எனக்குத் தெரியும். ஆனா அந்தக் குரலு இருக்கே. ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிட்டு வர்றவங்க பேசுவாங்களே, அந்தக் குரலு.

உடனே எம் வாயி முந்திக்கிச்சு. ஐய, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, வரும்போதே ரூமுல நல்லா ஊத்திக்கிட்டு வந்துட்டாரு, ஆம்பளைங்களப் பத்தித் தெரியாதான்னேன். கூசாம சொன்னேன். சொல்லும்போது கண்ண வேற சிமிட்டினேன்.

மேசையே லேசாயிடுச்சு பாருங்க! சாரு அவரு முதுகுல ஒண்ணு போட்டாரு. அடப்பாவி மனுசா, தனியாவா ஏத்திக்கிட்டு வந்தீரு, என்னக் கூப்பிடக் கூடாதான்னாரு. நீங்களும் அப்பாடான்னு சிரிச்சீங்க. அவரு என்னப் பாத்தாரு. கோவமா எல்லாம் இல்ல. வழி தெரியாத ஊருல போர்டு படிக்கற மாதிரி எம் மொகத்தப் பாத்தாரு. அப்புறம் தலையச் சொறிஞ்சுக்கிட்டு, கொஞ்சம் கூடிப் போச்சு சார்னாரு. அதுக்கப்புறம் சாக்லேட்டு சட்டி வந்துச்சு, பழமெல்லாம் வெட்டி வெச்சாங்க. அவரு ரெண்டு கையையும் மேசைக்கு அடியில வெச்சவருதான், எடுக்கவே இல்ல. அவரு பங்கையும் நானே தின்னேன். இனிச்சுச்சாங்கறீங்களா? சாம்பலத் தின்ன மாதிரி இருந்துச்சு.

அதுக்கென்ன, எல்லா வீட்டுலயும் உள்ளதுதானா? சாரும் உங்க தம்பி கல்யாணத்துல கீழ விழுந்தாரா? ஐயோ பாவம். இல்லம்மா, இது அப்படி இல்ல. அவரு குடிக்க மாட்டாரு.

ஆமா, குடிக்கவே மாட்டாரு. ஒரு சொட்டுக் கூட வாயில வெச்சதில்ல. இருமல் மருந்து குடுத்தாக் கூட, தூக்கம் வரும், வண்டி எடுக்க முடியாதுன்னு துப்பிடுவாரு. போக்குவரத்துல வேல பாத்தாருன்னு உங்ககிட்டப் பொதுவா சொல்லி வெச்சேன்ல. ஸ்கூல் பஸ்ஸு ஓட்டினாரும்மா. நீங்க டீச்சரு, உங்களுக்கு நான் விளக்கவா வேணும்? அந்தக் கோழிக்குஞ்சுப் பாட்டெல்லாம் பஸ்ஸுல அழற புள்ளைங்களுக்குப் பாடினதுதான். கூட வேல பாத்த ஒருத்தன், கல்யாணத்துக்குப் போயி மொத நாளு குடிச்சது எறங்காம காலையில வந்து நின்னான். அவரோட உசுருக்குசுரான சிநேகிதன். அவன் கையிலேருந்து சாவியப் புடுங்கி எறிஞ்சாரு. அவன் செத்ததுக்கு அப்புறமும் அவன் பொண்டாட்டி எங்ககிட்டப் பேசல. அப்படிப்பட்ட மனுசன எம் வாயால குடிகாரன்னு சொல்லிட்டேன்.

கை வந்து, அது வியாதி. நடுக்குவாதம்னு டாக்டரு சொன்னாரு. ஒரு நாளு கியரப் புடிக்கும்போது கை தானா தாளம் போட்டுச்சாம். அன்னைக்குச் சாயங்காலமே சாவிய ஆபீசுல வெச்சிட்டு, கண்ணு மங்குதுன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. அங்க யாருக்கும் தெரியாது. எம் பொண்ணுக்கும் தெரியாது, மாசமா இருக்கா, பெத்துப் பொழைக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டோம். தெரிஞ்சிருந்தா சட்டியில தோச்சுத் திங்கற கடைக்கு அனுப்பியிருப்பாளா. நேத்துக் கெளம்பறதுக்கு முன்னாடி, அந்தக் கடை படம் போட்ட அட்டையப் பாத்துக்கிட்டே, டம்ளருக்குள்ள பல்லு தேய்க்கற பிரஷ்ஷ விட்டு விட்டு எடுத்துப் பழகினாரும்மா. பாரு, இடிக்கலன்னு எனக்குக் காட்டினாரு.

பாத்தீங்களா, உங்க பார்வை மாறிடுச்சு. நீங்க வேணும்னு செய்யல, யாரா இருந்தாலும் மாறத்தான் செய்யும். அதுக்குப் பயந்துதான் நான் அப்படிச் சொன்னேன். அவரு மானத்தக் காப்பாத்தத்தான் சொன்னேன்னு ராத்திரியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பாத்தேன். எடுபடல. சீக்காளி பொண்டாட்டின்னு ஒக்காந்திருக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு, அவ்வளவுதான். குடிகாரன் பொண்டாட்டின்னா நாலு பேரு கூடச் சேந்து நாமளும் சிரிச்சிடலாம்.

ரூமுக்குப் போயி சண்டை போட்டாரான்னா, இல்ல. சண்டை போட்டிருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன். எப்பவும் சட்டை பொத்தான நான்தான் கழட்டி விடுவேன். நேத்து கிட்ட போனேன், விலகிட்டாரு. கட்டில் ஓரத்துல உக்காந்து ஒவ்வொரு பொத்தானா அவரே கழட்டினாரு. எவ்வளவு நேரம்! நான் செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னேன். விடியறதுக்கு முன்னாடி முழிச்சு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. அவங்க நம்பிட்டாங்களான்னாரு. நம்பிட்டாங்கன்னேன். அப்பச் சரின்னு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

அந்தச் சரிக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியல. கோவமா இருக்குமா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்களேன். மன்னிப்புக் கேட்டா ஆச்சுங்கறீங்க. கேக்கலாம். கேட்டுட்டு, உங்ககிட்ட உண்மையச் சொல்லிட்டேன்னும் சொல்லணுமே. அதத் தாங்குவாரா? நான் சொன்னது தாங்கலியா, இல்ல நீங்க தெரிஞ்சுக்கறது தாங்கலியா, எதுன்னு...

ஸ்ஸ். அந்தக் கண்ணாடிக் கதவுகிட்ட, அவருதான். தொப்பியக் கையில கெட்டியாப் புடிச்சுக்கிட்டு வராரு பாருங்க, அப்படிப் புடிச்சா ஆடறது தெரியாது. என்னத் தேடறாரு. நீங்க இருக்கறத இன்னும் பாக்கல. நடையப் பாருங்க, எவ்வளவு நேரா இருக்கு. காலுக்கு ஒண்ணும் ஆகலம்மா, கை மட்டுந்தான்.

ஆ, பாத்துட்டாரு. உங்களப் பாத்துட்டாரு.

ஐயோ. டீச்சரம்மா, சிரிங்க. தயவுசெஞ்சு நேத்துச் சிரிச்ச மாதிரியே சிரிங்க. காலப் பின்னிப் பின்னி வைக்கறாரு பாருங்க, தூணப் புடிச்சுக்கறாரு, அங்க நிக்கற யாரோ ஒரு அம்மா மேல இடிக்கப் போயி சாரி சொல்றாரு. கப்பலு ஆடுதுங்கறீங்களா? எங்கம்மா ஆடுது. காலையிலேருந்து கரையில கட்டித்தான நிக்குது.