செங்கழுத்தியை உறுதி செய்த விதம்

பறவை பார்க்கத் தொடங்குவதற்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம் ஐயா. ஒரு நோட்டு, ஒரு பென்சில், வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரிந்தால் போதும். அந்த மூன்றாவதுதான் எங்கள் பறவைச் சங்கத்தில் பலருக்குக் கைவரவில்லை.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். வேலைக்கு நடுவே மொட்டைமாடியில் நின்று பறவை பார்த்துப் பழகினேன். சங்கத்தில் எல்லாரும் பச்சைத் தொப்பி போட்டிருந்தார்கள். பறவைகளின் கண்ணில் படக் கூடாதாம். பேச்சு மட்டும் ஏரியின் அக்கரை வரை கேட்கும். தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். என்னை 'லிஃப்ட்டு' என்றுதான் கூப்பிடுவார்.

அவர் மேடையில் சொன்னதையெல்லாம் நான் வீட்டில் செய்தேன். சட்டியில் தண்ணீர் வைத்துத் தினமும் மாற்றினேன். புல்தரையைப் பெயர்த்துவிட்டு இந்த மண்ணுக்கே உரிய புதர்களை நட்டேன். பறவை மோதிச் சாகாமலிருக்க ஜன்னல் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகக் காகிதம் ஒட்டினேன். மைத்துனி வீட்டுப் பூனைக்கு மணி கட்டியதும் நான்தான். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், என்னைப் பறவைகளின் எதிரி என்று எழுதிவிடாதீர்கள்.

ஒரு விடிகாலையில் ஏரி நாணலுக்குள் செங்கழுத்தியைப் பார்த்தேன். உள்ளங்கையளவு உடம்பு, தொண்டையில் செங்கல் நிறம். பதினோரு வருடமாக அந்த ஏரியில் யார் கண்ணிலும் படாத பறவை. ஜோடியாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் எழுந்து சொன்னேன்.

"படம் இருக்கா?" என்றார் தலைவர்.

"இல்லீங்க சார். கண்ணால பாத்தேன்."

"தவிட்டுக்குருவியா இருக்கும். மேலயும் கீழயும் போய்வந்து உனக்குக் கண்ணு கிறங்கிப்போச்சு லிஃப்ட்டு." எல்லாத் தொப்பிகளும் குலுங்கின. "கையும் களவுமா புடிச்சுட்டு வா, பட்டியல்ல போட்டுக்கலாம்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"உங்களுக்கு அந்தக் குருவி வேணுமா, இல்ல அந்தாளு வாயால ஒரு 'சரி' வேணுமா?" என்றாள். அவளுக்குப் பறவைகளில் ஆர்வம் கிடையாது.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, இடுப்பளவு தண்ணீரில் நாணலுக்குள் போனேன். அடைகாக்கும் பறவை லேசில் எழாது என்று தலைவரே பாடம் நடத்தியிருக்கிறார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கையில் வலை இருந்தது, தேவைப்படவில்லை.

உயிரோடு கொண்டுபோவதாகத்தான் இருந்தேன். ஆனால் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதுவரை அடைத்துவைத்தால் சிறகடித்து இறகு உதிர்த்துக்கொள்ளும். பிறகு மறுபடியும் தவிட்டுக்குருவி என்பார். ஆகவே அதன் நெஞ்சை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தேன். லிஃப்ட் பொத்தானை அழுத்துகிற பலம்கூட வேண்டியிருக்கவில்லை. நான்கு முட்டைகளையும் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டேன். எந்த வேலையையும் அரைகுறையாக விடுகிற பழக்கம் எனக்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை, இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்திருந்த டிபன் பாக்ஸைத் தலைவர் முன்னால் திறந்தேன்.

"அடப்பாவி, என்னடா பண்ணிட்ட?"

"அதை அப்புறம் பேசிக்கலாம் சார். மொதல்ல பேரைச் சொல்லுங்க."

அவர் வெகுநேரம் பார்த்தார். "செங்கழுத்திதான்," என்றார். "பெட்டை."

அத்தனை பேர் முன்னிலையில் சொன்னார். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பட்டியலில் என் முழுப்பெயரையும் எழுதச் சொன்னேன். அவர் எழுதாமல் உங்கள் வனத்துறைக்குப் போன் செய்தார்.

ஆமாம் ஐயா, நான்தான் கொன்றேன். எந்தத் தாளில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். 'வருந்துகிறேன்' என்று நீங்களாகச் சேர்த்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். ஆண் பறவை இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் கரைக்குப் போனால் போதும், தலைக்கு மேலே வட்டமிட்டு விடாமல் கத்துகிறது. அந்தத் தொப்பிக்காரர்களில் ஒருவரிடமும் அது அப்படிப் பழகுவதில்லை.