முப்பத்தெட்டு போனும் ஒரு தோட்டமும்

அதான் கேக்கேன், போனுக்குள்ள ஒரு ரோசாச்செடி வளக்குறதுக்கு எங்க சின்ன அத்தை நம்பரு அதுக்கு எதுக்கு? நீயே சொல்லு தாயி. செடின்னா தண்ணி வேணும், உரம் வேணும், சரி. நான் எங்கன நிக்கேன், என்ன பேசுறேன், யாரு யாருக்குப் போன் போடுறேன்… இதெல்லாம் தெரிஞ்சாத்தான் அது மொட்டு விடுமாக்கும்? இரு, கையில இருக்க போனை இங்கன கொண்டா. பேச்சுல மறந்துருவேன். பட்டாசுக் கம்பெனி கேட்டத் தாண்டி போனு போகக் கூடாது, தெரியும்ல? உள்ள பூராம் மருந்து. அதுக்குத்தான் என்னைய இங்கன ஸ்டூலப் போட்டு உக்கார வச்சிருக்காக. ஆளுக்கு ஒரு பை, பைக்கு ஒரு நம்பரு. உனக்கு முப்பத்தொம்பது. பேரு பெறகு எளுதிக்கிடுவோம், ஆளுகள ஏத்திக்கிட்டு வேன் வர இன்னும் நேரங் கெடக்கு. பாக்கிங்குல இருக்க நசிமா புதுசா ஒரு ஆளு கூட்டியாறேன்னு சொல்லிச்சு. நீதான? என்ன தலைய ஆட்டுற… சரி சரி, மொத நாளு அப்படித்தான் இருக்கும், உக்காரு.

நம்ம பேரு வெள்ளைத்தாயி. எட்டு வருசமா இந்த கேட்டுல இருக்கேன். நாரணாபுரத்துல யாரை வேணாலும் கேளு, வெள்ளைத்தாயி இருக்க கேட்டுல ஒரு தீக்குச்சி நொளைஞ்சிருமான்னு. போர்மேன் கண்ணுச்சாமி அண்ணாச்சி இருக்காருல்ல, அவரு தூக்குச்சட்டில புளிச்சோத்துக்கு நடுவுல பீடிய ஒளிச்சுக் கொண்டாந்தாரு. கரண்டிய விட்டுக் கிண்டி எடுத்துட்டேன். போர்மேனுன்னா எனக்கென்ன. அன்னையிலருந்து மனுசன் கேட்டுக்கிட்ட வரும்போதே தூக்குச்சட்டியத் தொறந்து பிடிச்சுக்கிட்டுத்தான் வருவாரு.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்… ஆங், தோட்டம். ‘ராணி தோட்டம்’னு ஒரு கேமு. எங்க கம்பெனில முப்பத்தெட்டு பொம்பளைக போன்லயும் அது ஏறி உக்காந்துக்கிருச்சு. யாரைக் கேட்டாலும் நான் ஏத்தலைங்காக. சும்மா உக்காந்திருந்தாலும் பரவால்ல. போன்ல இருக்க நம்பரையெல்லாம் எடுத்து, எல்லாருக்கும் தானா மெசேஜ் அனுப்புது. நசிமாவுக்கும் அது மாமியாளுக்கும் மூணு வருசமா பேச்சுவார்த்தை கெடையாது. அந்தம்மா விருதுநகருல செவனேன்னு இருந்துச்சு. அதுக்கு, ‘நசிமா உங்களைத் தன் தோட்டத்துக்கு அன்புடன் அழைக்கிறார்’னு போயிருக்கு. மறுநா மொத பஸ்ஸுல ரெண்டு பையும் ஒரு விடைக்கோழியுமா வந்து எறங்கிருச்சு. இன்னைக்குப் பதினோரு நாளாச்சு, இன்னும் கெளம்பல. நசிமா இருக்குறது மாடி வீடு, ஒரு கருவேப்பிலைக் கன்னு கூட கெடையாது. அந்தம்மா தெனமும் கேக்குதாம், எங்கம்மா தோட்டம்னு.

சிரிக்காத. கண்ணுச்சாமி அண்ணாச்சி கதையக் கேட்டா என்ன செய்வ? லீவு சொல்றதுக்கு எல்லாருமே அவரு நம்பர வச்சிருப்பாகல்ல. ஒரே வாரத்துல முப்பத்தெட்டு ரோசாப்பூ. ‘இன்னார் உங்களுக்கு ஒரு ரோஜாவை அனுப்பியிருக்கிறார்’, ‘இன்னார் உங்களுக்கு ஒரு ரோஜாவை அனுப்பியிருக்கிறார்’. மனுசன் மொத நாலஞ்சு பூவுக்குப் பவுடரு போட்டுக்கிட்டு வந்தாராம். பெறகு போனு வீட்டுல அவுக சம்சாரம் கையில போயிருச்சு. அதுக்கு மேல என்ன ஆச்சுன்னு அவரும் சொல்லல, நாங்களும் கேக்கல. ரெண்டு நாளா நெத்தியில பிளாஸ்திரி ஒட்டியிருந்தாரு, கதவுல முட்டிக்கிட்டேன்னாரு.

பெறகுதான் வெவகாரம் பெருசாப் போச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜாபர் சாதிக்னு ஒருத்தரு போன் கடை வச்சிருக்காரு. எங்க ஆளுக முக்காவாசிப் பேரு அங்கன வாங்குனதுதான். அவருதான் விக்கும்போதே இதையும் உள்ள ஏத்தி விட்டுட்டாருன்னு பேச்சு கெளம்பிருச்சு. ஒருத்தி கூட இப்ப ரீசார்ஜுக்கு அந்தப் பக்கம் போறதில்ல. முந்தாநாளு கண்ணுச்சாமி அண்ணாச்சி நாலு பேரக் கூட்டிக்கிட்டுப் போயி கடை வாசல்ல நின்னு சத்தம் போட்டிருக்காரு. பொம்பளைக போன்ல கைய வச்சிட்டான்னு. இன்னைக்கு வேலை முடிஞ்சதும் எல்லாருமாப் போயி போலீஸ்ல எளுதிக் குடுக்கப் போறாகளாம்… பாவம், அந்த மனுசன் நல்லாத்தான் கடை நடத்துனாரு.

ம்? நசிமா போனு அவரு கடையில வாங்குனது இல்லையா? அது உனக்கு எப்படித் தெரியும்… ஓ, நசிமா சொல்லி வந்த ஆளுன்னா தெரியாமலா இருக்கும். ஆமா, அது மதுரையில வாங்குனதுதான்.

அதுல எப்படி வந்துச்சுன்னா… வந்துச்சு. காத்துல வந்துருக்கும். இந்தக் காலத்துல என்னதான் வரல.

என்னைய ஏன் இப்படிப் பாக்குற? போனத் தொறக்குற பேட்டர்னா… ஆமா, எல்லாரும் என்கிட்ட சொல்லி வச்சிருக்காகதான். பகல் பூராம் போனு என்கிட்ட கெடக்கு. வீட்டுலருந்தோ பள்ளிக்கூடத்துலருந்தோ கூப்பிட்டா நான்தான் எடுத்துக் கேட்டு உள்ள ஓடிப்போயி சொல்லணும். எடுக்குறதுக்குப் பேட்டர்ன் வேணாம்தான், பாதியில கட்டாயிட்டா? திருப்பிப் போடணும்ல? அதுக்குத்தான். எல்லாம் மனப்பாடம். நசிமாவுக்கு நாலு பக்கமும் இளுத்து ஒரு டப்பா. முத்துப்பேச்சிக்கு மேலருந்து கீள, அங்கனருந்து பக்கத்துல ஒரு இளுப்பு. பாதிப் பேருக்கு அதேதான். பூட்டா அது…

இன்னமும் அப்படியேதான் பாக்குற நீ.

சரி, உன்கிட்ட சொல்றதுக்கென்ன. உள்ள போயி ஓதிராத. மொதல்ல அந்தக் கேமு என் போன்லதான் வந்துச்சு. இங்கன பகல் முச்சூடும் உக்காந்து என்ன செய்ய? ஒரு செடி வச்சேன், பூத்துச்சு. சந்தோசமாத்தான் இருந்துச்சு. வீட்டுல இருக்க மூணடி வாசல்ல எதை வைக்க? அப்புறம் ஒரு மயிலக் காமிச்சுச்சு. தோகையெல்லாம் விரிக்கும். மயிலு வேணும்னா முப்பது பேரச் சேக்கணும்னுச்சு. பையப் பாத்தேன். முப்பத்தெட்டு போனு வரிசையாத் தொங்குது…

ஒரே நாள்ல செய்யல. தெனம் அஞ்சு, ஆறு. ஏத்தும்போது வரிசையாக் கேட்டுச்சு, நம்பரப் பாக்கட்டுமா, போட்டோவப் பாக்கட்டுமா, பேசுறதக் கேக்கட்டுமா, எங்க இருக்கன்னு தெரிஞ்சுக்கட்டுமான்னு. நான் எதப் படிச்சேன்? அனுமதி, அனுமதி, அனுமதின்னு அமுக்கிக்கிட்டே போனேன். சோத்துக்குள்ள கெடந்த பீடியக் கண்டுபிடிச்சவ நானு. அவளுக வீட்டையே தொறந்து விட்டுட்டேன்.

மயிலு வந்துச்சு. அந்த வெக்கக்கேட்டையும் சொல்லிர்றேன். இன்னமும் தோகைய விரிச்சுக்கிட்டு நிக்குது.

ரோசாப்பூ, மாமியா, இதெல்லாம் சிரிப்பா போச்சுன்னு விட்ரலாம். அதோட நிக்கல. நம்பரு யாரு யாருக்கோ போயி, கண்ட கண்ட எடத்துலருந்து கூப்புட ஆரம்பிச்சுட்டான். லோன் வேணுமா, பிளாட்டு வேணுமான்னு. முப்பத்தெட்டு போனும் மாத்தி மாத்திக் கத்துது. நானும் எம்புட்டுதான் எடுக்க? தெரியாத நம்பருன்னா கட் பண்ணி விட்டுட்டேன். போன செவ்வாக்கெளம முத்துப்பேச்சி போன்ல ஒரு நம்பரு மூணு தடவ வந்துச்சு. மூணு தடவையும் வெட்டி விட்டேன். பள்ளிக்கூடத்துலருந்து, தாயி. அவ மக மாடிப்படில விழுந்து கையி ஒடிஞ்சிருச்சு. டீச்சருதான் ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிருக்காக. மாவுக்கட்டப் போட்டு முடிச்சும் அந்தப் பிள்ள, அம்மா எங்க அம்மா எங்கன்னு சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். முத்துப்பேச்சி என்னைய ஒரு வார்த்தை கூட வையல. லோன்காரன்னு நெனச்சிருப்பீக்கா, நீங்க என்ன செய்வீகன்னுட்டா. வஞ்சிருந்தாக்கூட எனக்குச் சோறு எறங்கியிருக்கும்.

இதச் சொன்னா இந்த ஸ்டூலு போயிரும். ஸ்டூலு கெடக்கட்டும், வேற எங்கனயாச்சும் தீப்பெட்டி ஒட்டிப் பொளச்சுக்கிடுவேன். நாளைக்கு இந்தப் பொம்பளைக என் கையில போனக் குடுப்பாகளா? அதான் வாயத் தொறக்கல. அந்தக் கடைக்காரரு ஆம்பள, தாங்கிக்கிடுவாருன்னு விட்டுட்டேன்… நெனப்பு எப்படிப் போச்சு பாத்தியா.

அழுகுறியா நீ? உனக்கு என்ன வந்துச்சு? இந்தா, வேன் வர்ற நேரமாச்சு, நோட்டுல பேர எளுதுவோம். சொல்லு. தஸ்லிமா. நல்ல பேரு. வீட்டுக்காரரு பேரு?

மறுபடி சொல்லு. போன் கடை ஜாபர் சாதிக்கா?

ஓ… வேலைக்கு வரலையா நீங்க. அப்ப மொதல்ல தலைய ஆட்டுனது… நான்தான் கேக்கவே இல்ல. போலீசு வரைக்கும் போக வேண்டாம்னு இந்தப் பொம்பளைகள நேர்ல பாத்துக் கேக்கத்தான் வந்தீகளா. ரெண்டு நாளா அவுக கடையத் தொறக்கவே இல்லையா? சாப்பிடவும் இல்லையா?

இந்தாங்க உங்க போனு. நான் தொறந்து பாக்கல, சத்தியமா.

வேன் வந்துருச்சு. போகாதீக, கொஞ்சம் இருங்க. நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேணாம், நானே சொல்லிர்றேன். முத்துப்பேச்சிதான் மொத ஆளா எறங்குவா, அவகிட்டத்தான் மொதல்ல சொல்லணும். நீங்க என் பக்கத்துல நின்னாப் போதும். நான் நடுவுல மாமியா, கோழின்னு வேற பேச்சுக்குத் தாவுனேன்னா, முந்தானையப் பிடிச்சு ஒரு இளு இளுத்துருங்க.